ஆடம் ஹோக்ஷில்டின் மூன்று நூல்கள்: எதில் தொடங்குவது?

கொடுமை என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் ஒன்றை, ஒரு காலத்தில் படித்தவர்களும் பக்திமான்களும் எப்படிச் சர்வசாதாரணமாக ஏற்றுக்கொண்டு வாழ்ந்தார்கள்? அந்த ஏற்பை யார் உடைத்தார்கள், எப்படி உடைத்தார்கள்? இந்தக் கேள்வி மனத்தில் கிடந்து குடைகிற யாருக்கும் நான் முதலில் சொல்லும் பெயர் ஆடம் ஹோக்ஷில்ட். அமெரிக்கர், பத்திரிகைத் தொழிலிலிருந்து வரலாறு எழுத வந்தவர். ஒரு வன்முறை எப்படி நடந்தது என்பதோடு அவர் நிற்பதில்லை. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாமல் போனவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுவார்.

அவருடைய நூல்களில் மூன்று இந்தக் கேள்வியை நேராகத் தொடுகின்றன. 1998ல் வந்த ‘கிங் லியோபோல்ட்ஸ் கோஸ்ட்’, காங்கோவில் பெல்ஜிய மன்னர் நடத்திய ரப்பர் கொள்ளையைப் பற்றியது. 2005ல் வந்த ‘பரி த செயின்ஸ்’, பிரிட்டனில் அடிமை வணிகத்தையும் அடிமைத்தனத்தையும் ஒழிக்க நடந்த அரை நூற்றாண்டுப் போராட்டத்தின் கதை. 2011ல் வந்த ‘டு எண்ட் ஆல் வார்ஸ்’, முதல் உலகப் போரையும் அதை எதிர்த்துச் சிறை போனவர்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. மூன்றும் நானூறு பக்க அளவிலான நூல்கள். வேலைக்குப் போய்வந்து இரவில் கொஞ்ச நேரம் படிப்பவருக்கு ஒவ்வொன்றும் சில வாரங்களை எடுத்துக்கொள்ளும். அதனால் எதை முதலில் கையில் எடுப்பது என்று யோசிப்பது நியாயம்தான்.

பொதுவாக எல்லோரும் காங்கோ நூலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதுதான் அதிகம் பேசப்பட்டது, பரிசுகளும் பெற்றது. என் பரிந்துரை வேறு. அடிமை ஒழிப்பு நூலில் தொடங்குங்கள். காங்கோவை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். போர் நூலைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

காங்கோ நூலை ஏன் இரண்டாவதாக வைக்கச் சொல்கிறேன் என்பதிலிருந்து வருகிறேன். அது குறைந்த நூல் என்பதால் அல்ல. மூன்றில் மிக வேகமாக ஓடுவதும், நெஞ்சை மிகக் கடுமையாகத் தாக்குவதும் அதுதான். 1885 முதல் 1908 வரை காங்கோ என்ற பெருநிலம் ஒரு தேசத்தின் காலனியாகக்கூட இல்லை. இரண்டாம் லியோபோல்ட் என்ற தனிமனிதரின் சொத்தாக இருந்தது. அவர் அங்கே ஒருமுறைகூடக் காலடி வைத்ததில்லை. உலகச் சந்தையில் ரப்பருக்குக் கிராக்கி ஏறியபோது, காட்டுக்கொடிகளிலிருந்து பால் வடித்துவர ஆண்களைத் துரத்தினார்கள். அவர்கள் திரும்பிவரும் வரை மனைவிமாரைப் பிணையாகப் பிடித்து அடைத்துவைத்தார்கள். படைவீரனுக்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்காக ஒரு வெட்டிய வலது கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வேட்டையாடித் தோட்டாவைச் செலவழித்தவன், கணக்கை நேர்செய்ய உயிரோடு இருப்பவரின் கையை வெட்டினான். 1899ல் வில்லியம் ஷெப்பர்ட் என்ற கறுப்பின அமெரிக்கப் பாதிரியார் ஒரு முகாமில் நெருப்பின் மேல் வாட்டப்பட்டுக்கொண்டிருந்த கைகளை எண்ணிப் பார்த்தார். 81 இருந்தன.

இதை வெளியுலகுக்குக் கொண்டுவந்த கதையும் அதே நூலில் இருக்கிறது. எட்மண்ட் மோரல் லிவர்பூலில் ஒரு கப்பல் நிறுவனத்தின் எழுத்தர். அலுவல் நிமித்தம் ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்வரும்போது, காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிரம்பி வழிவதைப் பார்க்கிறார். திரும்பிப் போகும் கப்பல்களிலோ படைவீரர்களும் துப்பாக்கிகளும் தோட்டாக்களும்தான் இருக்கின்றன. விலையாகக் கொடுக்க எந்தச் சரக்கும் போகவில்லை. அப்படியானால் அங்கே வியாபாரம் நடக்கவில்லை, கூலியில்லாத அடிமை வேலைதான் நடக்கிறது என்று கணக்கேட்டை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுகிறார். காங்கோ மண்ணை மிதிக்காமலே எட்டிய முடிவு அது. பிறகு வேலையை விட்டுவிட்டு, 1904ல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்குகிறார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கை வெளியாகிறது. ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த ஒரு புகைப்படமும் அந்த ஆண்டைச் சேர்ந்ததுதான்: ஒரு திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து, தன் ஐந்து வயது மகளின் வெட்டுண்ட கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருக்கும் ந்சாலா என்ற தகப்பன். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

இவ்வளவு வலிமை இருக்கும்போது ஏன் இதில் தொடங்க வேண்டாம் என்கிறேன்? நூலின் நடுவே ஒரு வில்லன் உட்கார்ந்திருக்கிறான். பேராசை, பொய், வஞ்சகம் எல்லாம் திரண்ட ஒரு மன்னன். அவனை வெறுப்பது மிகச் சுலபம். நாம் அவனல்ல என்ற ஆறுதல் ஒவ்வொரு பக்கத்திலும் நமக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் நாம் தேடிவந்த கேள்வி அதுவல்ல. சாதாரண மனிதர்கள், கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாதவர்கள், ஒரு கொடுமைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து அதைப் பார்க்காமலே எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. காங்கோ நூலில் இங்கிலாந்து வாசகர்களும் வேறொரு நாட்டு மன்னனைத்தான் கண்டித்தார்கள். அதற்கு அவர்கள் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே பிரெஞ்சுக் காங்கோவிலும் ஏறத்தாழ அதே முறையில் ரப்பர் எடுக்கப்பட்டதை ஹோக்ஷில்டே சொல்கிறார். அந்தப் பக்கம் அவ்வளவு கோபம் எழவில்லை.

‘பரி த செயின்ஸ்’ இந்த ஆறுதலைத் தருவதில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அடிமை உழைப்பு யாரோ ஒரு மன்னனின் ரகசியம் அல்ல. தேநீரில் போடும் சர்க்கரையில் அது இருந்தது. லிவர்பூல், பிரிஸ்டல் நகரங்களின் செழிப்பில் இருந்தது. திருச்சபையின் சுவிசேஷ அமைப்பு ஒன்றே பார்படோஸில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியது.

இந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி ஜான் நியூட்டனைப் பற்றியது. ‘அமேசிங் கிரேஸ்’ என்ற புகழ்பெற்ற துதிப்பாடலை எழுதியவர் அவர். அடிமைக் கப்பல் தலைவனாக இருந்தவன் கடவுளைக் கண்டான், மனம் திரும்பினான், அந்தத் தொழிலை உதறினான் என்றுதான் அந்தக் கதை பிரசங்கங்களில் சொல்லப்படுகிறது. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். புயலில் சிக்கி அவர் கடவுளிடம் திரும்பியது 1748ல். அடிமைக் கப்பலின் தலைவரானது அதற்குப் பிறகு. 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அடித்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்ட சிறுவர்களின் கட்டைவிரலை நசுக்கும் திருகில் வைத்து உண்மையை வரவழைத்ததை அவரே தம் கப்பல் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். கடலை விட்டது உடல்நலக் குறைவால். பிறகு போதகரானார், பாடல்கள் எழுதினார், ஊர் மதிக்கும் பெரியவரானார். அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் பகிரங்கமாக எழுதியது 1788ல்தான். கப்பலை விட்டு இறங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நியூட்டன் பாசாங்குக்காரர் அல்ல என்பதுதான் இதில் முக்கியம். உண்மையாகவே ஜெபித்தார், உண்மையாகவே தன் பாவங்களுக்காக அழுதார். அந்தப் பாவங்களின் பட்டியலில் அடிமை வணிகம் இல்லை, அவ்வளவுதான். சுற்றியிருந்த ஒருவருக்கும் அது பாவமாகத் தெரியவில்லை. 1788ல் அவர் எழுதினார் என்றால், அதற்குள் ஊரில் ஒரு இயக்கம் கிளம்பி, அது பாவம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. தனிமனிதரின் மனசாட்சி தானாக விழித்துக்கொள்ளும் என்று காத்திருந்தால் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

அந்த இயக்கம் பிறந்த நாள் 1787 மே 22. லண்டனில் ஜார்ஜ் யார்ட் என்ற சந்தில் இருந்த ஒரு அச்சகத்தில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஒன்பது பேர் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு தாமஸ் கிளார்க்சன் என்ற இருபத்தேழு வயது இளைஞர். இரண்டு ஆண்டு முன்பு கேம்பிரிட்ஜில் ஒரு லத்தீன் கட்டுரைப் போட்டிக்காக அடிமைத்தனம் பற்றிப் படிக்கத் தொடங்கியவர் அவர். பரிசு கிடைத்தது. லண்டனுக்குக் குதிரையில் போகிற வழியில், எழுதியது எல்லாம் உண்மையென்றால் இதை யாராவது முடிவுக்குக் கொண்டுவர வேண்டுமே என்ற எண்ணம் வந்து, இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அறுபது ஆண்டுகள் அவர் இதை விடவில்லை.

இங்கிருந்து நூல் ஒரு இயக்கத்தின் அன்றாட வேலைக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. இதற்காகவே இதை முதலில் படிக்கச் சொல்கிறேன். கிளார்க்சன் மேடையில் முழங்கி யாரையும் மாற்றவில்லை. துறைமுகம் துறைமுகமாகக் குதிரையில் அலைந்தார். கப்பல் ஊழியர் பதிவேடுகளைப் புரட்டி, அடிமைக் கப்பல்களில் வெள்ளை மாலுமிகளே எவ்வளவு பேர் செத்தார்கள் என்று எண்ணினார். அடிமை வணிகம் மாலுமிகளுக்கு நல்ல பயிற்சிக்களம் என்ற எதிர்த்தரப்பின் வாதம் அதோடு நொறுங்கியது. லிவர்பூல் கடையொன்றில் வெளிப்படையாக விற்பனைக்கு வைத்திருந்த கைவிலங்குகளையும், விரல் நசுக்கும் திருகையும், சாப்பிட மறுப்பவர் வாயை நெம்பித் திறக்கும் கருவியையும் காசு கொடுத்து வாங்கிவந்தார். வாதத்தைக் கேட்டு அசையாதவர்களுக்கு அந்த இரும்பைக் கையில் கொடுத்தார்.

‘புரூக்ஸ்’ என்ற கப்பலின் வரைபடத்தையும் இந்த இயக்கம்தான் பரப்பியது. அதில் 482 மனித உருவங்கள் வரிசையாக அடுக்கிக் கிடக்கும். சட்டம் அனுமதித்த எண்ணிக்கையை வைத்து வரைந்த படம் அது. அதற்கு முன்பு அதே கப்பல் ஒரு பயணத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றிருந்தது. படத்தில் ரத்தம் இல்லை, அழுகை இல்லை. அளவுகள் மட்டும்தான். மிகைப்படுத்தியதாக யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று குறைத்தே காட்டினார்கள். நம்பகத்தன்மையை இவ்வளவு கவனமாகக் காத்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

1791ல் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் மசோதாவை நாடாளுமன்றம் தோற்கடித்ததும் மக்கள் சர்க்கரையைக் கைவிட்டார்கள். மூன்று லட்சம் பேராவது மேற்கிந்தியச் சர்க்கரையை நிறுத்தியிருப்பார்கள் என்பது கிளார்க்சனின் மதிப்பீடு. வாக்குரிமை இல்லாத பெண்களுக்கு அரசியலில் இறங்க அடுக்களை வழியாகக் கிடைத்த வாசல் அது. 1792ல் மட்டும் 519 மனுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின. அப்போதும் ‘படிப்படியாக’ என்ற ஒரு சொல்லைத் தீர்மானத்துக்குள் செருகிக் காரியத்தைக் கெடுத்தார்கள். அடிமை வணிகத்துக்குத் தடை வந்தது 1807ல். அடிமைத்தனத்தையே ஒழிக்கும் சட்டம் வந்தது 1833ல். உண்மையான விடுதலை 1838 ஆகஸ்ட் 1ல்.

இந்த நூலின் மீது வைக்கப்படும் இரண்டு ஆட்சேபங்களையும் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது. ஒன்று பொருளாதாரம் சார்ந்தது. பின்னாளில் டிரினிடாட் டொபாகோவின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ், வரலாற்று ஆய்வாளராக 1944ல் ஒரு வாதத்தை வைத்தார்: கரும்புத் தோட்டங்களின் லாபம் குறைந்த பிறகுதான் பிரிட்டனுக்கு அறம் நினைவுக்கு வந்தது என்பது அதன் சாரம். சீமோர் டிரெஷர் 1977ல் அதற்கு மறுப்பு எழுதினார். ஒழிப்பு வந்த காலத்தில் அந்தத் தொழில் செழித்துக்கொண்டுதான் இருந்தது என்று எண்களோடு வாதிட்டார். ஹோக்ஷில்ட் நிற்பது இரண்டாமவர் பக்கம். இந்த விவாதம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஹோக்ஷில்ட் போதாது. அந்த இருவரையும் படிக்க வேண்டும். என்னைக் கேட்டால், மக்கள் தமக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள் என்ற ஹோக்ஷில்டின் தரப்பு வலுவாகவே இருக்கிறது. கத்தி, வெட்டரிவாள் செய்து அடிமை வணிகத்துக்கு விற்றுப் பிழைத்த ஷெஃபீல்டு தொழிலாளர்களே அந்த வணிகத்தை நிறுத்தச் சொல்லி மனுப் போட்டார்கள்.

இன்னொரு ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடிமைகளை விடுவித்தவர்கள் இங்கிலாந்தின் நல்லவர்கள்தானா, அடிமைகள் தாங்களேதானா? ஹோக்ஷில்ட் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்குவியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி ஊர் ஊராகப் போய் விற்றதும், ஹைட்டியில் 1791ல் வெடித்த எழுச்சியும், அதை அடக்கப் போன பிரிட்டிஷ் படை பல்லாயிரம் பேரை இழந்து திரும்பியதும் விரிவாகவே வருகின்றன. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் நடந்த கிளர்ச்சி, ஒழிப்புச் சட்டத்தை எவ்வளவு துரிதப்படுத்தியது என்பதும் தெளிவாக இருக்கிறது. ஆனால் பக்கங்களின் எண்ணிக்கையில் லண்டன்தான் ஜெயிக்கிறது. சான்றுகள் அங்கே குவிந்துகிடப்பது ஒரு காரணம். வாசகர்தான் இதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

1833 சட்டப்படி அரசு இரண்டு கோடி பவுண்டு நட்டஈடு கொடுத்தது. அடிமைகளாக உழைத்தவர்களுக்கு அல்ல, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு. அந்தக் காலத்தில் அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அது. காங்கோ நூலின் கடைசியிலும் இதே காட்சிதான். 1908ல் பெல்ஜிய அரசு காங்கோவை ஏற்றுக்கொண்டபோது, லியோபோல்ட் காங்கோவுக்காகச் செய்த தியாகங்களுக்கு நன்றியாக ஐந்து கோடி பிராங்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. கையை இழந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் இந்த ஒற்றுமை உறைக்கும். ஒரு சமூகம் தன் அறத்தை மாற்றிக்கொள்ளும்போதுகூட முதல் மரியாதையைச் சொத்துக்குத்தான் செய்கிறது.

அடிமைத்தனம் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு இயல்பாகவே எழும். 1834லிருந்தே மொரீசியஸுக்கும் 1838ல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். மொரீசியஸுக்குப் போனவர்களில் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழர்களும் உண்டு. சங்கிலி போன இடத்தில் ஒப்பந்தத் தாள் வந்தது. அந்தக் கதைக்கு வேறு நூல்களைத்தான் தேட வேண்டும், ஆனால் ‘பரி த செயின்ஸ்’ படித்துவிட்டுத் தேடினால் என்ன தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்கும்.

மூன்றாவது நூலுக்கு வருகிறேன். ‘டு எண்ட் ஆல் வார்ஸ்’ தோல்வியின் கதை. போர் வேண்டாம் என்றவர்கள் தோற்றார்கள், முழுமையாகத் தோற்றார்கள். 1916 ஜூலை 1 அன்று, சோம் நதிக்கரைச் சண்டையின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 57,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். செத்தவர்கள் 19,000க்கு மேல். அந்த ஆண்டில்தான் கட்டாய ராணுவச் சேர்க்கை வந்தது. ஏறத்தாழ 20,000 பேர் படையில் சேர மறுத்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். சிலரை வலுக்கட்டாயமாகப் பிரான்சுக்குக் கொண்டுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனையே விதித்து, பிறகு பத்தாண்டுச் சிறையாகக் குறைத்தார்கள்.

ஹோக்ஷில்ட் இதைக் குடும்பங்களின் வழியாகச் சொல்கிறார். பிரிட்டிஷ் படையின் தளபதி சர் ஜான் பிரெஞ்ச். அவருடைய அக்கா சார்லட் டெஸ்பார்ட் ஊர் ஊராகப் போய்ப் போருக்கு எதிராகப் பேசுகிறார். இருந்தும் தம்பி மேல் பாசம் குறையவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறை சென்ற எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் போர் வந்ததும் ஆள்சேர்ப்புப் பிரசாரத்தில் இறங்குகிறார். மகள் சில்வியா எதிர்த்து நிற்கிறார். தாயும் மகளும் பிரிந்தே போகிறார்கள். போருக்காக எழுதிக் குவித்த ருட்யார்ட் கிப்ளிங், கண்பார்வை குறைந்த மகனுக்குச் சிபாரிசு பிடித்து ராணுவத்தில் இடம் வாங்கிக் கொடுத்து, 1915ல் லூஸ் போர்க்களத்தில் அவனை இழக்கிறார். பதினெட்டு வயது. நூலில் போர் ஆதரவாளர்களை ஹோக்ஷில்ட் எங்கும் மட்டம் தட்டுவதில்லை. அவர்கள் துயரத்தையும் அதே பரிவோடு எழுதுகிறார். அறம் பற்றி எழுதும் எழுத்தாளரிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

காங்கோ நூலைப் படித்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு ஒரு அடி காத்திருக்கிறது. காங்கோவுக்காகப் போராடியபோது நாடே கொண்டாடிய மோரல், போரை எதிர்த்ததற்காக 1917ல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெறுகிறார். குற்றச்சாட்டு, சுவிட்சர்லாந்தில் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலண்டுக்குத் துண்டுப்பிரசுரங்களை அனுப்பியது. கேஸ்மென்ட் அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியின் உதவியை நாடியதால் 1916 ஆகஸ்ட் 3ல் தூக்கிலிடப்படுகிறார். தூரதேசத்துக் கொடுமையைச் சுட்டிக்காட்டியவரைப் பாராட்டிச் சர் பட்டம் கொடுத்த அரசுதான், அதே மனிதர் பார்வையைத் தன் பக்கம் திருப்பியதும் பட்டத்தைப் பறித்துக் கயிற்றை மாட்டியது.

மோரலைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1920ல் அவர், ஜெர்மனியின் ரைன் பகுதியில் நிறுத்தப்பட்ட பிரான்சின் ஆப்பிரிக்கப் படைவீரர்களைக் காமவெறியர்களாகச் சித்திரித்து, பச்சையான இனவெறிப் பிரசாரம் செய்தார். காங்கோவில் வெட்டப்பட்ட கைகளுக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்த அதே மனிதர். ஒருவருடைய அறப்பார்வை ஓரிடத்தில் கூர்மையாக இருப்பதால் எல்லா இடத்திலும் அப்படியே இருந்துவிடாது. காங்கோ நூலை மட்டும் படித்துவிட்டு மோரலை வழிபடத் தொடங்குபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தேர்வு. ஏதாவது ஒரு பொதுக்காரியத்தில் ஈடுபட்டு, யாரும் காது கொடுப்பதில்லை என்று சோர்ந்திருப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ‘பரி த செயின்ஸ்’. உற்சாகமூட்டும் நூல் என்பதால் அல்ல. மனு, துண்டுப்பிரசுரம், புறக்கணிப்பு, கணக்கெடுப்பு என்று ஒவ்வொரு கருவியும் எப்படி வேலை செய்தது, எங்கே தோற்றது என்பது இதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வரலாறு படித்துப் பழக்கமே இல்லாதவர், கதையின் வேகம் கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டும் என்று நினைப்பவர், காங்கோவில் தொடங்கினாலும் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தோற்ற பிறகும் ஒரு நிலைப்பாட்டுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி உள்ளவருக்கு மட்டும் போர் நூலை முதல் நூலாகச் சொல்வேன்.

வாசகர் வட்டத்துக்கு எது என்று கேட்டால் அங்கும் ‘பரி த செயின்ஸ்’தான். காங்கோ நூலை வைத்து விவாதம் நடத்துவது கடினம். எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள், கண்டிப்பதில் ஒற்றுமை வந்துவிடும், பேச்சு அடங்கிவிடும். நியூட்டனைப் பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டு வரச் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கருத்து வரும். பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியர் யாராவது தேர்ந்தெடுப்பதாக இருந்தால், காங்கோ நூலின் புகைப்படங்களைத் தாமே முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. முன்தயாரிப்பு இல்லாமல் காட்டக்கூடியவை அல்ல அவை.

ஆய்வுநூலின் கறார்த்தனத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு மூன்றுமே ஓரளவு ஏமாற்றம் தரலாம். ஹோக்ஷில்ட் மனிதர்களைப் பிடித்துக்கொண்டு கதை சொல்பவர். விலைவாசி, உற்பத்தி, மக்கள்தொகை பற்றிய விவாதங்களைச் சுருக்கமாகத்தான் தொடுவார். காங்கோவில் மக்கள்தொகை பாதியாகக் குறைந்தது, ஏறத்தாழ ஒரு கோடி உயிர்கள் போயின என்று அவர் எடுத்துக்காட்டும் மதிப்பீடு இன்னும் சர்ச்சைக்குரியதுதான். அங்கே முறையான கணக்கெடுப்பு நடந்தது 1920களில்தான். கொலை, பஞ்சம், நோய், பிறப்புவிகிதச் சரிவு எல்லாம் சேர்ந்த எண் அது என்று அவரே விளக்குகிறார். மேற்கோள் காட்டுபவர்கள் அந்த விளக்கத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

போர் நூலை எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. முதல் நூறு பக்கங்களில் பாத்திரங்கள் வந்துகொண்டே இருப்பார்கள், குடும்ப உறவுகள் குழப்பும். யார் யாருக்கு அக்கா, யார் மகள், யார் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 1914க்குள் நுழைந்த பிறகு அந்தத் தாள் தேவைப்படாது.